அக்டோபரில் பிக்ட் கற்களைப் பார்க்கப் போகிறோம், திட்டத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

கல்தேடி:
வணக்கம் மக்களே. ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ரோமானியர் காலக் கடைசியிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை இருந்த பிக்ட் மக்கள் செதுக்கி வைத்த கற்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பிறையின் மேல் ஒடிந்த அம்பு மாதிரி ஒரு கோடு, இரட்டை வட்டு, கண்ணாடியும் சீப்பும், என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத ஒரு மிருகம், இதையெல்லாம் படத்தில் பார்த்தே பல வருடம் ஓடிவிட்டது.

சென்னையிலிருந்து நான், மனைவி, அப்பா (67 வயது, முழங்கால் வலி உண்டு). அக்டோபர் மூன்றாம் வாரம், மொத்தம் ஏழு நாள். முதல் நாள் எடின்பரோ. அப்புறம் ஸ்டர்லிங், அங்கிருந்து ஸ்கை தீவு இரண்டு நாள், திரும்பும்போது லோக் நெஸ். கடைசி இரண்டு நாளில் மீகிள், அபர்லெம்னோ, செயின்ட் விஜன்ஸ், ரைனி, ஃபாரஸில் இருக்கும் சூனோ கல், ஹில்டன் ஆஃப் காட்பால், டன்ராபின் கோட்டை. முடிந்தால் ஓர்க்னி. சரியாக வருமா?

அபர்டீன் அண்ணாச்சி:
தம்பி, டிக்கெட் போட்டாச்சா? போடவில்லை என்றால் தயவுசெய்து போடாதீர்கள்.

முதல் விஷயம், அக்டோபர் பிறந்தால் அபர்லெம்னோ கற்களை மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள், மார்ச் முடிந்துதான் திறப்பார்கள். இன்வெரூரி பக்கத்து மெய்டன் கல்லும் அப்படித்தான். மீகிள் அருங்காட்சியகம் கோடையில் மட்டும். செயின்ட் விஜன்ஸ் கோடையிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டிய இடம். ஆக உங்கள் பட்டியலில் பாதியை நீங்கள் பூட்டிய கதவாகவும் பலகைப் பெட்டியாகவும்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, ஸ்கை மேற்குக் கடற்கரை. அங்கேயும் ஒன்றிரண்டு பிக்ட் கல் உண்டுதான், ஆனால் நீங்கள் தேடுவது முக்கால்வாசி கிழக்கில், ஃபைஃபிலிருந்து சதர்லாந்து வரைக்கும். ஏழு நாளில் இரண்டு கரையும் வேண்டும் என்றால் காருக்குள்ளேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான். மூன்றாவது, அங்கே அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மே மாதத்துக்கு மாற்றுங்கள். மே கடைசியில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், எல்லாமே திறந்திருக்கும்.

மாடக்குளத்தான்:
ஒரு சந்தேகம். ஆயிரத்து இருநூறு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கல்லுக்கு இப்போது எதற்குப் பெட்டி?

டண்டீ மலர்:
நின்றதால்தான் பெட்டி. அபர்லெம்னோ இருக்கும் அங்கஸ் பகுதியில் இருப்பது மணற்கல், தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து விரியும், மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். ஒரு குளிர்காலத்தில் ஒன்றும் தெரியாது, ஐம்பது குளிர்காலத்தில் ஒரு குதிரையின் முகம் காணாமல் போகும். ஃபாரஸில் சூனோ கல்லைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டியதும், ஷாண்ட்விக் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

கல்தேடி, அண்ணாச்சி சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். கூடவே ஒன்று. பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். இந்தக் கற்கள் ஓடிக்கொண்டே பார்க்கிற பொருள் இல்லை. அபர்லெம்னோ தேவாலய முற்றத்துக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பெரிய சிலுவை, அதைச் சுற்றிப் பின்னிப் பிணைந்த மிருகங்கள், அதைப் பார்த்து வியந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் காருக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பின்பக்கம்தான் கதை இருக்கிறது. மேல் வரிசையில் ஒரு குதிரைவீரன் இன்னொருவனைத் துரத்துகிறான், ஓடுகிறவன் கத்தியையும் கேடயத்தையும் கீழே போட்டுவிட்டான். நடு வரிசையில் காலாட்கள் மூன்று பேர் ஒருவன் பின்னால் ஒருவனாக நிற்கிறார்கள். முன்னால் நிற்பவனிடம் கத்தியும் நடுவில் குமிழ் வைத்த கேடயமும், அடுத்தவன் நீட்டிய ஈட்டி முன்னவனைத் தாண்டி வெளியே வந்து எதிரே வரும் குதிரைக்காரனை மறிக்கிறது. அடி வரிசையில் இரண்டு குதிரைவீரர்கள் நேருக்கு நேர். அதற்குப் பக்கத்தில் மூலையில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், ஒரு பறவை அவன் முகத்தைக் கொத்துகிறது. ஒரு பக்கத்தாருக்கு மட்டும் மூக்கை மறைக்கும் தலைக்கவசம் இருக்கிறது, இது தெரிந்த பிறகு இன்னொரு முறை மேலிருந்து பார்த்துவாருங்கள்.

கல்தேடி:
அக்கா, இதைப் படித்ததும் ஸ்கையை விட்டுவிடலாம் என்று மனைவியிடமே சொல்லிவிட்டேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது, பரவாயில்லை. டிக்கெட் இன்னும் போடவில்லை அண்ணாச்சி, நல்லவேளை கேட்டேன். அந்தப் போர்க்காட்சிதானே 685இல் பிக்ட் அரசன் பிரிடெய், தெற்கே இருந்த ஆங்கில அரசான நார்தம்பிரியாவின் படையை முறியடித்த போர்?

பழையசோறு:
அப்படித்தான் எல்லாப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 685 மே 20இல் போர் நடந்தது, நார்தம்பிரிய அரசன் எக்ஃபிரித் கொல்லப்பட்டான், இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இடம்தான் பிரச்சினை. ஃபார்ஃபர் பக்கத்தில் இருக்கும் டன்னிகன் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள், அங்கே 1985இல் நினைவுக் கல்லும் வைத்தாயிற்று. 2006இல் அலெக்ஸ் வுல்ஃப் என்ற வரலாற்று ஆய்வாளர், அந்த இடம் வடக்கே பேடனாக் பகுதியில் லோக் இன்ஷ் ஏரிக்கரையில் இருக்கும் டனாக்டனாக இருக்கலாம் என்று எழுதினார். அந்தக் காலத்து வரலாற்றை எழுதிவைத்த பீட் பாதிரியார் அந்தப் போரைப் பற்றி எழுதும்போது எட்ட முடியாத மலைகளின் இடுக்கில் என்கிறார். டன்னிகன் பக்கம் போனவர்கள் சொல்லட்டும், அங்கே எட்ட முடியாத மலை எங்கே இருக்கிறது?

அப்புறம் அந்தக் கல் போர் நடந்து பல பத்தாண்டுகள் கழித்துச் செதுக்கியது என்றுதான் செதுக்கு பாணியை வைத்துச் சொல்கிறார்கள். பொதுவான ஒரு போர்க்காட்சியாகவும் இருக்கலாம், பைபிள் கதையாகவும் இருக்கலாம்.

டண்டீ மலர்:
மலை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, டன்னிகன் குன்று சைக்கிளில் ஏறக்கூடிய குன்றுதான். ஆனால் தலைக்கவசம் போட்டவன் தோற்று, பறவைக்கு இரையாகிக் கிடப்பதை, டன்னிகனிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு கல்லில் செதுக்கியதைப் பொதுவான காட்சி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைக்கவசம் யார்க்கில் கிடைத்த கோப்பர்கேட் தலைக்கவசத்தின் சாடையிலேயே இருக்கிறது, அது நார்தம்பிரியப் பொருள்.

பழையசோறு:
சாடையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதுதான் என் கட்சி. சரி, தம்பி பயணத்துக்கு வருவோம்.

ஊர்சுற்றி ராசு:
பயண நிறுவனங்களை நம்பிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் பிக்ட் கற்கள் சுற்றுலா என்று நவம்பரில் ஆள் சேர்த்து, எங்களை அபர்லெம்னோ சாலையோரம் இறக்கிவிட்டு, மூடிய பெட்டிகளுக்கு முன்னால் நின்று மடிக்கணினியில் படம் காட்டினார்கள். கேட்டதற்கு, கற்கள் இருக்கும் இடத்துக்குத்தான் அழைத்துப் போவதாகச் சொன்னோம் என்றார்கள். பணமும் திரும்பி வரவில்லை.

கல்தேடி:
ஐயோ. சரி, மே கடைசி என்று முடிவு. இப்போது அடுத்த கேள்வி, கார் ஓட்டித்தான் ஆக வேண்டுமா? எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டில் ஓட்டியதில்லை. ரயிலில் எவ்வளவு பார்க்கலாம்?

தண்டவாளம்:
ரயிலில் நினைப்பதைவிட நிறையப் பார்க்கலாம். எடின்பரோவில் தேசிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம், கீழ்த்தளத்தில் ஹில்டன் ஆஃப் காட்பால் மூலக்கல்லே நிற்கிறது. ஷெட்லாந்தில் 1958இல் ஒரு பள்ளிச் சிறுவன் கற்பலகைக்கு அடியில் கண்டெடுத்த செயின்ட் நினியன் தீவு வெள்ளிப் புதையலும் அங்கேதான். அங்கிருந்து ரயிலில் டண்டீ, ஆர்ப்ரோத். ஆர்ப்ரோத்திலிருந்து செயின்ட் விஜன்ஸ் நடந்தே போகலாம், அப்பாவுக்கு டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள். அபர்டீனிலிருந்து இன்வெர்னஸ் போகும் தடத்தில் இன்வெரூரி, எல்கின், ஃபாரஸ் எல்லாம் வரும். இன்வெரூரியில் ப்ராண்ட்ஸ்பட் கல், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. ஒரு காலத்தில் உடைத்து வயல் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள், பிறகு துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் ஓகம் என்ற பழைய அயர்லாந்துக் கோட்டு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஃபாரஸ் ஸ்டேஷனிலிருந்து சூனோ கல்லுக்கு ஊர் வழியாக நடக்கலாம்.

ரயிலுக்கு எட்டாதது அபர்லெம்னோவும் மீகிளும்தான். ஃபார்ஃபரில் ரயில் நின்று போய் அறுபது வருடம் ஆகப் போகிறது.

அபர்டீன் அண்ணாச்சி:
அதாவது எதற்காகப் போகிறாரோ அதுதான் எட்டாது.

தம்பி, இந்திய லைசென்ஸில் பிரிட்டனில் ஒரு வருடம் வரை ஓட்டலாம். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம், வலப்பக்கம் ஸ்டீயரிங். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிப் பதிய வேண்டும், இல்லையென்றால் கியர் வண்டிதான் நீட்டுவார்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், மனைவி கார்டு செல்லாது என்று கவுண்டரில் நின்று விழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை வண்டித் தடச் சாலையில் அங்கங்கே ஒதுங்கும் இடம் இருக்கும், அது எதிரே வருகிறவருக்கு வழிவிடவும் பின்னால் வருகிறவரை முன்னே விடவும், அங்கே நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். ரவுண்டானாவில் நிதானம், வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு முதல் உரிமை.

எல்லா நாளும் கார் வேண்டாம். எடின்பரோவில் கார் தொல்லைதான். ரயிலில் டண்டீ வந்து அங்கே காரை எடுங்கள்.

டண்டீ மலர்:
டண்டீயில் எடுத்தால் முதல் நாளே மீகிள். பழைய பள்ளிக்கூடக் கட்டடம், உள்ளே 26 கற்கள், எல்லாம் அந்த ஒரே கிராமத்தில் கிடைத்தவை. அதில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் ஒரு பெரிய கல்லில், நடுவில் நீளங்கி போட்ட ஓர் உருவம், இரண்டு பக்கமும் சிங்கங்கள். சிங்கக் குகையில் தானியேல் என்பது அறிஞர்கள் சொல்வது. ஊர்க்காரர்கள் கேட்டால், இல்லை, அது ஆர்தர் அரசனின் மனைவி வனோரா, அவளை மிருகங்கள் கிழித்துக் கொன்ற காட்சி, தேவாலயத் தோட்டத்தில் இருக்கும் மேடுதான் அவள் சமாதி என்பார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும், முதலாவதைத்தான் நம்புகிறேன். மீகிளிலிருந்து ஃபார்ஃபர் போகும் ஏ94 சாலையிலேயே ஈஸி என்று ஓர் ஊர், கூரை போன தேவாலயத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு நல்ல கல்.

அபர்லெம்னோவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் மூன்று, தேவாலய முற்றத்தில் ஒன்று, எல்லாம் எட்டி நடக்கும் தூரம். கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது. அதே ஊரில் 2020இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் நிலத்துக்கடியில் கருவி வைத்துத் தேடியபோது இன்னொரு கல் அகப்பட்டது, 1.7 மீட்டர் நீளம், பிற்காலத்தில் ஏதோ கட்டடத்துக்குத் தளக்கல்லாகப் போட்டிருந்தார்கள்.

ஒளிநாடன்:
மாலை என்று அக்கா சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். உச்சிவெயிலில் இந்தக் கற்கள் தட்டையாகத் தெரியும், குறிப்பாகச் சிலுவை வராத பழைய குறியீட்டுக் கற்கள். அவற்றில் கோடு வெறும் கீறல்தான், ஆழம் கிடையாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் கல்லில் கீறிய பாம்பு எழுந்து தெரியும். போகும் முன் வரைபடத்தில் கல்லின் முகம் எந்தத் திசை என்று பார்த்து, காலையா மாலையா என்று முடிவு செய்யுங்கள். மேகமூட்டமாக இருந்தால் நல்ல டார்ச் ஒன்றைக் கல்லை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள், அப்பாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். சாக்பீஸ் தடவுவது, காகிதம் வைத்துத் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. சூனோ கல்லுக்குக் கண்ணாடி என்பதால் வெயிலில் உங்கள் முகம்தான் படத்தில் விழும், மேகம் போட்ட நாள் அதற்கு நல்லது. ஆறரை மீட்டர் உயரம் அது, தலை வெட்டுண்ட உடல்கள் வரிசை வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கக் கழுத்து வலிக்கும்.

மாடக்குளத்தான்:
இப்படியெல்லாம் பாடுபட்டுப் பார்ப்பதைவிட எல்லாக் கல்லையும் அருங்காட்சியகத்தில் வைத்து நல்ல விளக்குப் போட்டுவிடலாமே? கல்லும் தப்பிக்கும், அப்பாக்களின் முழங்காலும் தப்பிக்கும்.

பழையசோறு:
ஹில்டன் ஆஃப் காட்பால் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பெண்ணொருத்தி பக்கவாட்டாகக் குதிரையில் உட்கார்ந்து வேட்டைக்குப் போகும் அந்த அழகான கல், ஈஸ்டர் ராஸ் கடற்கரைக் கிராமத்தில் நின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் தனக்கும் மூன்று மனைவியருக்கும் கல்லறைக் கல் வேண்டும் என்று அதன் சிலுவை முகத்தை முழுதாகச் செதுக்கி எடுத்துவிட்டு, தன் குடும்பப் பெயரை வெட்டினார். 19ஆம் நூற்றாண்டில் அது இன்வர்கார்டன் கோட்டைக்குப் போனது, 1921இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், ஸ்காட்லாந்தில் எதிர்ப்புக் கிளம்பி எடின்பரோவுக்குத் திரும்பியது. 2001இல் பழைய இடத்தைத் தோண்டினால் கல்லின் அடிப்பகுதியும் உடைந்த சில்லுகள் ஆயிரக்கணக்கிலும் அங்கேயே கிடக்கின்றன. அந்த அடிப்பகுதி எங்கள் ஊருக்குத்தான் சொந்தம் என்று கிராமத்தார் நின்றார்கள். இன்று மேல்பகுதி எடின்பரோவில், அடிப்பகுதி கிராமத்தில். பழைய இடத்தில் பாரி குரோவ் என்ற சிற்பி செதுக்கிய நகல் கடலைப் பார்த்து நிற்கிறது.

மழையில் கல் கரையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கற்கள் எல்லையாகவோ கல்லறையாகவோ மடத்தின் வாசலாகவோ ஓர் இடத்துக்கென்று நட்டவை, இடத்தை விட்டால் பாதி செய்தி போய்விடும். பர்க்ஹெட்டைப் பாருங்கள். பிக்டுகளின் ஆகப் பெரிய கோட்டை, 1800களின் தொடக்கத்தில் பாதியை இடித்து மேலேயே ஊர் கட்டினார்கள். காளை செதுக்கிய கற்கள் முப்பது வரை கிடைத்தனவாம், மிச்சம் ஆறு. அந்த ஆறும் பர்க்ஹெட், எல்கின், எடின்பரோ, லண்டன் என்று பிரிந்து கிடக்கின்றன. ஒரே இடத்தில் முப்பது காளை நின்ற வாசல் எப்படி இருந்திருக்கும்!

டண்டீ மலர்:
இதில் நடுவழி ஒன்று இருக்கிறது, செயின்ட் விஜன்ஸ். அந்தக் கற்கள் ஊரை விட்டே போகவில்லை. மேட்டின் மேல் தேவாலயம், அடியில் சிவப்பு மணற்கல் வீடுகள், அந்த வீடுகளிலேயே அருங்காட்சியகம். அங்கே ட்ராஸ்டன் கல்லின் அடியில் ஒரு வேட்டைக்காரன் முக்காடு போட்டு மண்டியிட்டுக் குறுக்குவில்லால் காட்டுப்பன்றியைக் குறிபார்க்கிறான், தவற விடாதீர்கள். குறுகிய பக்கவாட்டில் லத்தீன் எழுத்தில் ட்ராஸ்டன், உவோரெட், ஃபோர்கஸ் என்று மூன்று பெயர்கள்.

கல்தேடி:
இப்போது இப்படி யோசிக்கிறேன். எடின்பரோவில் இரண்டு இரவு, அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள். ரயிலில் டண்டீ, அங்கே கார் எடுத்து இரண்டு இரவு, மீகிள், ஈஸி, அபர்லெம்னோ, செயின்ட் விஜன்ஸ். பிறகு ரைனி வழியாக இன்வெர்னஸ் பக்கம் மூன்று இரவு. ஓர்க்னி, டன்ராபின் இரண்டையும் விட்டுவிட்டேன். ரைனியில் டாப் ஓ' நாத் மலை ஏறலாமா?

அபர்டீன் அண்ணாச்சி:
இப்போதுதான் மனுசன் போடுகிற திட்டம்.

டாப் ஓ' நாத் நீங்களும் மனைவியும் ஏறுங்கள், அப்பா வேண்டாம். 560 மீட்டருக்கு மேல், கடைசி ஏற்றம் செங்குத்து. சரிவுகளில் 800 குடிசைத் தளங்கள் இருந்ததை 2020இல் அறிவித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை அங்கே அவ்வளவு பெரிய ஊர் இருந்திருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. கீழே கிராமத்துக்குத் தெற்கே வயல் சரிவில் க்ரா ஸ்டேன் நிற்கிறது, மேலே மீன், கீழே அந்தப் பெயர் தெரியாத மிருகம், பின்னணியில் அந்த மலையே. அப்பாவுக்கு அது போதும். அங்கே தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த மதுச் சாடி ஓடுகள் கிடைத்தன, காட்டுமிராண்டிகள் என்று ரோமானியர் எழுதிவைத்தவர்கள் குடித்தது இறக்குமதிச் சரக்கு.

ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி வயல் வழியே பொறுப்பாக நடந்து போக யாருக்கும் உரிமை உண்டு. கதவைத் திறந்தால் மூடுங்கள், பயிரை ஓரமாகச் சுற்றிப் போங்கள், கன்றோடு நிற்கும் மாடு இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். ரைனி மனிதன் என்று கோடரி தூக்கிய ஓர் உருவக்கல் 1978இல் ஏர் உழும்போது கிடைத்தது, அதை அபர்டீனில் கவுன்சில் அலுவலகத்தில் வைத்தார்கள், போவதாக இருந்தால் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையசோறு:
இன்வெர்னஸ் பக்கம் மூன்று இரவு என்றால் ஒரு நாள் முழுக்க டார்பட் தீபகற்பத்துக்குக் கொடுங்கள். நிக் தேவாலயத்துக்குள் ஒரு கல், ஷாண்ட்விக், ஹில்டன், கடைசியில் போர்ட்மஹோமக். அங்கே பழைய தேவாலயத்தையே கண்காட்சியாக்கியிருக்கிறார்கள். யார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்வர் 1994 முதல் 2007 வரை தோண்டிய பிக்ட் மடம் அது. கன்றுத்தோலைப் பதப்படுத்தி ஏடு செய்த பட்டறை கிடைத்தது. எண்ணூறாம் ஆண்டை ஒட்டி ஒரு பெருந்தீ, செதுக்கிய கற்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். வைகிங்குகள் வேலை என்கிறார்கள். ரோஸ்மார்க்கி குரோம் ஹவுஸ் அருங்காட்சியகத்தை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நிக்குக்கும் குரோமார்ட்டிக்கும் நடுவே கோடையில் ஒரு குட்டிப் படகு ஓடுவதுண்டு, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், சாலை வழியே சுற்றி வரலாம்.

கல்தேடி:
எல்லோருக்கும் நன்றி. விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க? அப்புறம் அப்பா சைவம், கிராமங்களில் என்ன கிடைக்கும்?

தண்டவாளம்:
பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும், அந்த வாரமே போட்டுவிடுங்கள். பதில் வர மூன்று வாரம் என்பார்கள், கோடையை ஒட்டி இழுக்கலாம். ஷெங்கன் விசா இங்கே செல்லாது, பிரிட்டனுக்குத் தனி. திட்டத்தை நாள்வாரியாக எழுதி, தங்குமிடப் பதிவோடு இணையுங்கள், ரத்து செய்யக்கூடிய பதிவாக இருக்கட்டும்.

டண்டீ மலர்:
அப்பா சாப்பாடு பிரச்சினையே இல்லை, மதியத்துக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அபர்லெம்னோவில் கடை கிடையாது, ரைனியை நம்ப வேண்டாம். டண்டீயிலோ ஃபார்ஃபரிலோ சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வண்டியில் போடுங்கள். ஃபார்ஃபர் பிரைடி என்று பேக்கரியில் ஒன்று மணக்கும், அது மாட்டிறைச்சி, அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். செயின்ட் விஜன்ஸ் சாவி விஷயத்துக்கு ஆர்ப்ரோத் மடத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும், விசா கையில் வந்த அன்றே கேளுங்கள், போன பிறகு கேட்டால் நாள் பொருந்தாது.